தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்: பெற்றோர் குழு பற்றி ஓர் அறிமுகம்

போனில் சித்தி கேட்கிறார், "பையன் எப்படிம்மா இருக்கான்?"

"நல்லா இருக்கான் சித்தி. படிப்புதான், வேறென்ன."

பையன் மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிறான். நேற்று ராத்திரி அப்பாவும் அவனும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, நல்லா இருக்கான் என்று.

இந்தப் பொய்யைச் சொல்லாத பெற்றோர் குறைவு. சித்தியின் வீட்டிலும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். நாம் கேட்டால் அவரும் "எல்லாரும் சௌக்கியம்" என்றுதான் சொல்லப்போகிறார். இப்படி ஆளுக்கு ஆள் சௌக்கியம் சொல்லிக்கொண்டிருப்பதால், ஊரிலேயே நம் வீடு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொய் தேவைப்படாத ஓர் அறைதான் பெற்றோர் குழு. மகன் குடிக்கிறான், மகள் கையைக் கீறிக்கொள்கிறாள், குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை பேசுவதே இல்லை... எந்தச் சிக்கலானாலும், அதே சிக்கலில் இருக்கிற பெற்றோர் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது, கற்றுக்கொள்வது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முதன்முதலாகப் போகிற பலர் இரண்டே கூட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பெயருக்குள் இரண்டு தனித்தனிச் சரக்குகள் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததுதான் பெரும்பாலும் காரணம் என்பேன். ஒன்று துணை, மற்றது பயிற்சி. அழுவதற்கு இடம் தேடிப் போனவர் கையில் பயிற்சித் தாளைக் கொடுத்தால் எரிச்சல் வரும். "நாளைக்குக் காலையில் இவனை எப்படி எழுப்புவது, அதைச் சொல்லுங்கள்" என்று வந்தவரை ஒன்றரை மணிநேரம் மற்றவர் கதை கேட்க வைத்தாலும் எரிச்சல்தான்.

முதலில் துணை

இன்றைய குழுக்களின் வேர் குடிநோயில் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசியே குடியிலிருந்து விலகி நிற்க முடிவதைக் கண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தான் தொடங்கியது. குடிப்பவர்கள் உள்ளே கூட்டம் நடத்திக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த குடும்பத்தாருக்கும் பேச நிறைய இருந்தது. 1951இல் வில்சனின் மனைவி லோயிஸ், குடும்பத்தாருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து உருவாக்கினார். நோயாளிக்கு ஒரு கூட்டம், அவரோடு வாழ்கிறவருக்குத் தனியாக ஒரு கூட்டம் என்ற பழக்கம் பரவியது அங்கிருந்துதான்.

பெற்றோர் குழுக்களுக்கு இன்னொரு வேரும் உண்டு. அது கோபத்தில் முளைத்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், குழந்தைக்கு ஆட்டிசம் வருவதற்கு அம்மா பாசம் காட்டாததுதான் காரணம் என்று பெரிய மருத்துவர்களே சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்கு "ஃப்ரிட்ஜ் அம்மா" என்று பட்டப்பெயர் வேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவளிடம், கோளாறே நீதான் என்றால் எப்படி இருக்கும்? அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் ஒரு புத்தகம் எழுதி, ஆட்டிசம் உடல்சார்ந்த காரணங்களால் வருவது என்று வாதிட்டார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. மறுவருடமே அவரும் மற்றப் பெற்றோரும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்பே, 1962இல், லண்டனில் பெற்றோர் சிலர் கூடி ஆரம்பித்திருந்த சங்கம்தான் இன்றைய நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. பெற்றோர் கூடிப் பேசினால் அழுகையைத் தவிர ஒன்றும் நடக்காது என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தவறான மருத்துவக் கருத்தைக் கீழே தள்ளியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1960களின் முடிவில் கலிஃபோர்னியாவில் நடந்தது இதைவிடத் துணிச்சலானது. தன் மகளைத் துன்புறுத்திவந்த ஒரு தாய், நிறுத்த முடியாமல் உதவி தேடி அலைந்தார். ஜாலி கே என்ற பெயரில் மட்டுமே அவர் அறியப்படுகிறார். தன்னைப் போன்றவர்கள் போக ஓர் இடம்கூட இல்லையே என்ற குறையை, லெனர்ட் லீபர் என்ற சமூகப் பணியாளரோடு சேர்ந்து குழுவாக மாற்றினார். பேரன்ட்ஸ் அனானிமஸ் பிறந்தது. தான் தவறு செய்வதை ஒப்புக்கொண்டு வருகிற பெற்றோருக்கும் நாற்காலி போட்டது அந்தக் குழு.

சரி, கூட்டத்தில் என்னதான் நடக்கிறது? எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருங்கிணைப்பவர் விதிகளைச் சொல்வார். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. கேட்காமல் புத்திமதி கிடையாது. பேச விருப்பமில்லை என்றால் "பாஸ்" என்று சொல்லிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ரகசியத்துக்கு ஒரே ஒரு விலக்கு: ஒரு குழந்தையின் அல்லது யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் ஒருங்கிணைப்பவர் சும்மா இருக்க முடியாது. நல்ல குழுவில் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

ஒரு வட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிதாக வந்த அப்பா ஒருவர், "நான் சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறார். பரவாயில்லை என்கிறார்கள். மூன்றாவதாக இருக்கும் அம்மா பேசும்போது, மகன் குத்தியதில் கதவில் விழுந்த ஓட்டையைப் பற்றிச் சொல்கிறார். வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று அதன்மேல் காலண்டரை மாட்டியிருக்கிறாராம். "டிசம்பர் முடிஞ்சும் கழற்ற முடியலை." எதிரே இருப்பவர் பக்கென்று சிரித்துவிடுகிறார். "மன்னிக்கணும். எங்க வீட்ல அந்த இடத்துல கண்ணாடி மாட்டியிருக்கோம்." அறையே சிரிக்கிறது. சும்மா கேட்க வந்த அப்பா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்ல பீரோவை நகர்த்தி வெச்சிருக்கோம்" என்கிறார். அதற்குமேல் அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறை என்பதால், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை அங்கே மிச்சம். இன்னொன்றும் நடக்கிறது. ஆறு மாதம் முன்னால் உடைந்துபோய் வந்த அம்மா இன்று புதியவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "முதல் மாசம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். உதவி பெறுபவரைவிட உதவி செய்பவர் அதிகம் தேறுகிறார் என்று 1965இல் ஃப்ராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதினார். குழுவில் பழைய ஆட்கள் தொடர்ந்து வருவதன் சூட்சுமம் அதுவே.

எல்லாருக்கும் வட்டம் ஒத்துவராது. பத்துப் பேர் முன்னால் வாயைத் திறக்கவே முடியாதவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1971இல் தொடங்கிய முறை வேறு மாதிரி: குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு, அதே வழியில் ஏற்கெனவே நடந்து வந்த ஒரு பெற்றோரை ஜோடி சேர்த்துவிடுவது. பிரிட்டனின் லெஸ்டரில் மார்கரெட் ஹாரிசன் 1973இல் ஆரம்பித்த ஹோம்-ஸ்டார்ட்டில், பயிற்சி பெற்ற தன்னார்வலர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வருவார். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு திணறும் அம்மாவுக்கு, அந்த இரண்டு மணிநேரம் இன்னொரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்ப்பதே பாதி மருந்து.

அடுத்தது பயிற்சி

"பிள்ளை வளர்ப்பதற்குக்கூட வகுப்பா? நம்மை யார் வகுப்பு வைத்து வளர்த்தார்கள்?" என்று கேட்காத தாத்தா இல்லை. நியாயமான கேள்விதான். சாதாரண நாட்களுக்கு வகுப்பு தேவையில்லை. வீட்டில் ஒரு சண்டை வழக்கமாகிப்போய், இரண்டு பக்கமும் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்போதுதான் தேவைப்படுகிறது.

அந்த மாட்டிக்கொள்ளுதலை மிக நெருக்கமாகப் பார்த்தவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன். அவருடைய ஆட்கள் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று குறிப்பெடுத்தார்கள். அவர்கள் கண்டதை ஒரு ராத்திரிக் காட்சியாகச் சொல்கிறேன்.

மணி பத்து. "போனை வைடா." "அஞ்சு நிமிஷம்மா." பத்து நிமிடம் போகிறது. "வைன்னு சொன்னேன்ல?" பதிலில்லை. குரல் ஏறுகிறது. அவன் குரலும் ஏறுகிறது. அம்மா போனைப் பிடுங்கப் போகிறார். அவன் தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிகிறான். அம்மா நின்றுவிடுகிறார். "எக்கேடோ கெட்டுப் போ." கதவு சாத்தப்படுகிறது. வீடு அமைதியாகிறது.

அந்த அமைதியைத்தான் கவனிக்க வேண்டும். கத்தல் நின்றது அம்மாவுக்கு நிம்மதி. நச்சரிப்பு நின்றது பையனுக்கு நிம்மதி. இருவருக்குமே கூலி கிடைத்துவிட்டது: எறிந்தால் அம்மா நிற்பார் என்பது அவனுக்கு, விட்டுக்கொடுத்தால் கத்தல் நிற்கும் என்பது அம்மாவுக்கு. அடுத்த தடவை அவன் "அஞ்சு நிமிஷம்" என்ற படியிலிருந்து ஆரம்பிக்கமாட்டான். நேராக டம்ளருக்குப் போவான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. இருவருமே கெட்டவர்களும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெற்றோர் பயிற்சி வகுப்புகளில் பெரும்பகுதி இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதைப் பற்றியதே. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய டிரிபிள் பி, அமெரிக்காவில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய இன்கிரெடிபிள் இயர்ஸ் ஆகியவை பல நாடுகளில் நடக்கும் பாடத்திட்டங்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளை ஒழுங்காக இருக்கும் நேரத்தைக் கண்ணில் பட்டவுடன் சொல்லிவிடுவது. விதிகள் இரண்டு மூன்றுக்குமேல் வேண்டாம். இன்னொரு அறையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய் ஒருமுறை சொல்வது. கேட்காவிட்டால் என்ன என்பது சிறியதாக, நாளைக்கே நிறைவேற்றக்கூடியதாக இருப்பது. "ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது" என்று சொன்னவர் மூன்றாம் நாளே கொடுத்துவிடுவார் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். "நாளைக்கு ராத்திரி போன் என்கிட்ட இருக்கும்" என்பதை நிறைவேற்ற முடியும்.

இவையெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். நீச்சல் பற்றியும் நமக்கெல்லாம் தெரியும். சிறு குழந்தைகளின் பெற்றோருக்கான பயிற்சிகள் பற்றிய 77 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, 2008இல் ஓர் அலசல் வெளிவந்தது. எந்தப் பயிற்சி அதிகம் பலன் தருகிறது என்று தேடியதில் கிடைத்தவற்றுள் ஒன்று: வகுப்பிலேயே தன் சொந்தக் குழந்தையோடு செய்து பழகவைக்கும் பயிற்சி. உரை கேட்டுக் குறிப்பெடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் தூரம் அதிகம். அதனால் ஒரு வகுப்பில் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே செய்து பார்ப்போமா, கேட்டுவிட்டு மட்டும் போவோமா?" என்பதுதான். பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பில் ஒருவர் மகனாக நடிக்க, இன்னொருவர் சொல்லிப் பார்ப்பார். முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் கூச்சமாக இருக்கும். பிறகு மகனாக நடிக்கும் அப்பா அசல் மகனைவிட மோசமாக நடந்துகொள்வார்.

பேசும் முறைக்கும் பாடம் உண்டு. 1962இல் தாமஸ் கார்டன் கலிஃபோர்னியாவில் நடத்திய பெற்றோர் வகுப்பிலிருந்து பரவிய ஒரு யோசனை: "நீ" என்று தொடங்கிக் குற்றம் சாட்டாமல், "நான்" என்று தொடங்கி உன் நிலைமையைச் சொல். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் "நான் கவலையாக உணர்கிறேன்" என்று ஒரு அம்மா சொன்னால் பிள்ளை டிவி சீரியல் என்று நினைத்துக்கொள்ளும். நம் மொழியில் இதற்கு "எனக்கு" போதும். "நீ எப்பவுமே இப்படித்தான், பொறுப்பே கிடையாது" என்பதற்குப் பதில், "மணி பதினொண்ணாகியும் வரலைன்னா எனக்குப் பயமா இருக்குடா." இதற்கு எதிர்வாதம் செய்வது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய முறையைத் தொடங்கியதும் பிள்ளையின் நடத்தை முதலில் மோசமாகலாம். இதுவரை டம்ளருக்கு மசிந்த அம்மா மசியவில்லை என்றால், அவன் தட்டை எடுத்துப் பார்ப்பான். அணையப்போகும் விளக்கு பளிச்சென்று எரிவது மாதிரி. பல பெற்றோர் இந்த இடத்தில்தான், "இதெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது" என்று வகுப்பை விட்டுவிடுகிறார்கள். அப்போது விட்டால், தட்டு எறிந்தால்தான் வேலை நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். துணை தரும் குழுவும் பயிற்சியும் கைகோக்க வேண்டியது இந்த வாரத்தில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு "இன்னைக்கு ரொம்ப மோசம்" என்று மெசேஜ் அனுப்ப ஒரு ஆள் இருந்தால் பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள்.

எது யாருக்கு

துணையும் பயிற்சியும் வேறு வேறு என்று நான் விடாமல் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்ற குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு கிராஃப்ட் என்ற பயிற்சி: நிதானமாக இருக்கும் நேரத்தில் எப்படி நடந்துகொள்வது, குடித்துவிட்டு வரும்போது எதைச் செய்யாமல் விடுவது, சிகிச்சை பற்றி எப்போது வாயைத் திறப்பது. இன்னொரு பிரிவுக்கு, குடும்பமே திரண்டு நேருக்கு நேர் பேசும் முறை. மூன்றாவது பிரிவை அல்-அனான் வழியில் நடத்தினார்கள். குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தது முதல் பிரிவில் 64 சதவீதம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 13.

இதைப் பார்த்து அல்-அனான் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குடிப்பவரைச் சிகிச்சைக்கு இழுத்து வருவது அதன் நோக்கமே இல்லை. இந்த நோயை நான் வரவழைக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்பதை ஏற்று, தன் வாழ்க்கையை மீட்டுக்கொள்ளச் சொல்கிறது அது. மகனைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டுமா? பயிற்சி. மூன்று வருடமாகத் தூங்கவில்லையா? துணை. பலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும், ஆனால் ஒன்றை மற்றதற்கு மாற்றாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மனநோயில் கதை கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் மறுபடி நோய் முற்றுவது குடும்பத்தின் பேச்சோடு தொடர்புடையது என்று சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் லண்டனில் கண்டார்கள். ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய தாங்கல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மிகுந்த வீட்டில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். நோய் குடும்பத்தால் வருகிறது என்று இதற்குப் பொருளில்லை. மறுபடி "ஃப்ரிட்ஜ் அம்மா" கதைக்குப் போய்விடக் கூடாது. குளிக்காமல் படுத்துக் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் அறிகுறி என்று தெரிந்தாலே திட்டுவது பாதியாகக் குறையும். அமெரிக்காவில் நாமி என்ற அமைப்பு நடத்தும் குடும்ப வகுப்பு எட்டு அமர்வுகள், கட்டணமில்லை. பாடம் எடுப்பவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரே.

விலகி நடக்க வேண்டிய இடங்கள்

எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்கிற குழுவிலிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடலாம். ஒருவரே பேசி மற்றவர்கள் தலையாட்டும் இடம், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஏதாவது விற்கும் இடம், "நீங்கள் ஒழுங்காக வளர்த்திருந்தால்" என்று ஆரம்பிக்கும் இடம் எல்லாமும் அப்படியே.

"பிள்ளையை எங்களிடம் விட்டுவிடுங்கள், திருத்தி அனுப்புகிறோம்" என்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வழி தவறும் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டங்கள் ஒருகாலத்தில் பிரபலம். முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், மிரட்டப்பட்டவர்கள் சும்மா விடப்பட்டவர்களைவிட அதிகக் குற்றம் செய்திருந்தார்கள். பிரச்சினை உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று மோசமாவதும் உண்டு என்று உளவியலாளர் தாமஸ் டிஷியன் முதலானோர் 1999இல் எழுதினார்கள். பெற்றோரை ஒன்றுசேர்ப்பது நல்லது, பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பது அப்படியில்லை என்பது எனக்கே முதலில் விசித்திரமாகத்தான் பட்டது.

பிள்ளை செத்துப்போவேன் என்று பேசினால், வீட்டில் யாராவது அடிவாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. அது அவசர உதவிக்கும் மருத்துவருக்கும் உரிய வேலை. குழு அதற்குப் பிறகு.

போவது எப்படி

அப்பாக்கள் வருவதில்லை என்பது எங்கும் உள்ள புலம்பல். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மாக்களாலும் வர முடிவதில்லை. அதனால் நல்ல குழுக்கள் சாயங்காலத்திலோ விடுமுறை நாளிலோ கூடும். பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைக்கும். குழந்தை வளர்ப்பில் பெற்றோருக்கு அரசு தக்க உதவி செய்ய வேண்டும் என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18ஆவது பிரிவே சொல்கிறது. கேட்பது பிச்சை என்று யாரும் கூச வேண்டாம்.

ஒரு குழுவை மூன்று தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் தடவை பதற்றத்தில் ஒன்றும் காதில் ஏறாது. இரண்டாவது தடவை மற்றவர்கள் கஷ்டம் நம்முடையதைவிடப் பெரியது அல்லது சின்னது என்று அளந்துகொண்டிருப்போம். மூன்றாவது தடவைதான் கேட்போம்.

அருகில் குழுவே இல்லையென்றால்? உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வசதி குறைந்த குடும்பங்களை மனதில் வைத்து ஒரு பெற்றோர் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியிருக்கின்றன; அதன் கையேடுகள் இலவசம். துணைக்குக் கையேடும் வேண்டாம். ஆக்ரனில் தொடங்கியதும் இரண்டு பேரோடுதான். உங்களைப் போன்ற இன்னொரு பெற்றோரை உங்கள் பிள்ளையின் மருத்துவருக்கோ பள்ளி ஆலோசகருக்கோ தெரிந்திருக்கும். அவர்கள் சம்மதித்தால் அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வரலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருப்பவர் நான்காவது வாரம் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்க வேண்டும்.